அம்புலன்ஸ் வராத இடம்: தொலைவிட முதலுதவி பற்றிச் சில குறிப்புகள்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டறைச் சுவரில் பச்சைப் பலகை ஒன்று தொங்குகிறது. முதலுதவியாளர்களின் பெயர்கள் அதில் உள்ளன. மூன்றாவது பெயர் என்னுடையது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் புவியியல் படிப்பித்தவனின் பெயர் இந்த நாட்டில் ஒரு சுவரில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது அந்த இடத்தில் மட்டும்தான். கிங்ஸ்பரியில் குடியிருந்துகொண்டு, பார்க் ரோயலில் இரவு வேலை செய்து இருபது வருடங்களுக்கு மேல் கடத்திவிட்டேன். இதழாசிரியர்கள் கட்டுரை கேட்டபோது அவர்கள் எதிர்பார்த்தது வேறு ஏதாவதாக இருந்திருக்கும். நான் எழுத விரும்புவதோ இரத்தத்தை எப்படி நிறுத்துவது, குளிரில் விறைத்தவனை எப்படிக் காப்பது என்பன பற்றி. இவை எமது சஞ்சிகைகளுக்குரிய விடயங்கள் அல்ல என்று நினைப்பவர்கள் இறுதிவரை கொஞ்சம் பொறுத்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1981ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பிரித்தானியாவில் ஒவ்வொரு முதலாளியும் வேலைத்தலத்தில் முதலுதவிக்கு ஒழுங்கு செய்தாக வேண்டும். அப்படித்தான் மேற்பார்வையாளர் என்னை 3 நாள், 18 மணித்தியால வகுப்பொன்றுக்கு அனுப்பினார். நல்ல வகுப்பு. ஆனால் அதன் ஒவ்வொரு பாடமும் ஒரே வசனத்தில் போய் முடிந்தது: 999ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் படிப்பும், எங்கோ புறப்பட்டு வந்துகொண்டிருக்கும் ஒரு வாகனத்தை நம்பியிருந்தது.

இரண்டாவது வகுப்புக்கு நான் போனது பிள்ளைகளுக்காக. இங்குள்ள தமிழ்ப் பாடசாலையின் மூத்த மாணவர்கள் வேல்ஸின் ஸ்னோடன் மலையில் ஏற விரும்பினார்கள். (அந்த மலையைப் பூங்கா நிர்வாகம் 2022 முதல் அதன் சொந்த வெல்ஷ் பெயரான 'எர் வித்வா' என்றே அழைக்கிறது. ஊர்ப் பெயர்களை இழந்தவர்களுக்கு இது ஒரு சின்னச் சந்தோசம்.) கூடப் போகும் பெரியவர்களில் ஒருவராவது 16 மணித்தியால வெளிக்கள முதலுதவி படித்திருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். மலை வழிகாட்டிகளுக்குரிய சான்றிதழுக்கும் ஆகக்குறைந்தது இந்தப் 16 மணித்தியாலம் தேவை. சுவர்ப் பலகையில் பெயருள்ளவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் காலை, பயிற்றுநர் எங்களை ஒரு மலையடிவாரத்தில் மழைக்குள் நிறுத்திவைத்துச் சொன்னார்: அம்புலன்ஸ் வரப்போவதில்லை. மீட்புக் குழு வந்துசேரக் குறைந்தது நாலு மணித்தியாலம். இருட்டப் போகிறது. உங்கள் முதுகுப் பைகளில் இருப்பவை மட்டும்தான் உங்களிடம் உள்ளன. இப்போது என்ன செய்வீர்கள்?

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு அது ஒரு கற்பனை. எனக்கு அது 1990க்கும் 1999க்கும் இடையிலான என் சாதாரண வாழ்க்கை.

*

ஆங்கிலத்தில் இந்தத் துறைக்கு இட்டிருக்கும் பெயரை 'வனாந்தர முதலுதவி' என்று தமிழாக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாடநூல்களில் பரவலாக உள்ள வரையறையில் காடும் இல்லை, மலையும் இல்லை: முழுமையான மருத்துவ உதவி கிடைக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும் எந்த இடமும் இதில் அடங்கும். ஆகவே 'தொலைவிட முதலுதவி' என்கிறேன். இங்கே தொலைவு மைலால் அளக்கப்படுவதில்லை, நேரத்தால் அளக்கப்படுகிறது.

புவியியல் படிப்பித்த காலத்தில் இதை நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் விளங்கிக்கொண்டது பின்னர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். 1990 யூனுக்குப் பிறகு ஆனையிறவுப் பாதை அடைபட, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் போனவர்களுக்கு அதே தூரம் நாட்கணக்காயிற்று. மருந்தும் எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடைக்குள் இருந்தன. நிலம் அதேயிடத்தில்தான் இருந்தது. தொலைவை அரசு உண்டாக்கியது. வனாந்தரம் இயற்கையால் மட்டும் ஆவதில்லை, ஆக்கவும் படுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அடிப்படையில் இதுதான். மற்றவை இதிலிருந்து பிறப்பவை.

*

வகுப்பில் படிப்பித்தவற்றுள் முக்கியமானவற்றை என் அனுபவத்துடன் வைத்துச் சொல்கிறேன். முதலில் இரத்தம்.

1997இல், ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிச் சில மாதங்களுக்குப் பின், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு தற்காலிகக் குடியிருப்பில் இருந்தோம். ஒரு பின்னேரம் எறிகணைச் சிதறல் பட்டு, பக்கத்துக் கொட்டில் பெண்ணின் முழங்காலுக்கு மேல் கிழிந்தது. இரத்தம் பாய்ந்தது. ஒரு முதியவர், படிக்காதவர், தன் சாரத்தைக் கிழித்துத் தொடையைச் சுற்றிக் கட்டி, ஒரு தடியைச் செருகி முறுக்கப் போனார். சனங்கள் என்னைப் பார்த்தார்கள். "சேர், நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ." நான் எங்கோ ஒரு சிறுநூலில் வாசித்திருந்தேன்: இறுக்கிக் கட்டினால் கால் அழுகிவிடும். "கட்ட வேண்டாம், அமத்திப் பிடியுங்கோ" என்றேன். முதியவர் கையை எடுத்துவிட்டார். என் பட்டத்துக்குக் கொடுத்த மரியாதை அது. உழவு இயந்திரப் பெட்டியில், காட்டுப் பாதையில், மருத்துவமனைக்கு இரண்டு மணித்தியாலம். அந்தப் பெண் போய்ச் சேரவில்லை.

கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சிறுநூலும் பொய் சொல்லவில்லை. இறுக்குக் கட்டை வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடும்படி அக்காலத்தில் எங்கும் படிப்பித்தார்கள். நான் அந்த வசனத்தின் பின்பாதியை மறந்திருந்தேன், வேறு வழியே இல்லாத ஓர் இடத்தில் நின்றுகொண்டு.

2000களின் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயப்பட்ட படையினரை ஆராய்ந்த பின் மேற்கத்திய மருத்துவம் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது. இன்று படிப்பிப்பது இது. கை காலிலிருந்து இரத்தம் பீறிட்டால் மூச்சைக் கவனிப்பதற்கும் முன் அதை நிறுத்து. பலமாக நேரடியாக அமத்து. நிற்காவிட்டால், அல்லது அமத்திக்கொண்டிருக்க ஆளில்லாவிட்டால், காயத்துக்கு மேலே நாலைந்து விரற்கடை தள்ளி, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டியால் கட்டு. கயிறும் கம்பியும் தசையை வெட்டும், ஆகாது. தடியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கு. வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் இரத்தம் உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் இன்னும் கூடுதலாக ஒழுகும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டிலோ எழுது. பிறகு இடையிடையே தளர்த்திப் பார்க்காதே. அதை மருத்துவமனை செய்யும்.

அதே துணித்துண்டு பாம்புக் கடியில் எதிரி. புடையனோ நாகமோ சுருட்டையோ, கடித்த காலை இறுக்கிக் கட்டுவது நம் ஊர்களில் வழிவழி வந்த பழக்கம். இரத்தவோட்டம் நின்ற தசை நஞ்சால் இன்னும் மோசமாக அழியும். கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. மோதிரம், காப்பு, கொலுசுகளை வீங்குவதற்கு முன் கழற்று. முறிந்த காலைப்போல மட்டையில் வைத்து அசையாமல் செய். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போ. பாம்பைத் தேடி நேரத்தைக் கெடுக்காதே. நஞ்சுமுறி மருந்து ஒன்றுதான் தீர்வு. உலக சுகாதார நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். கடிபடுகிறவர்கள் செருப்பில்லாமல் வயலுக்குப் போகிறவர்கள், தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தியாவில் நஞ்சுமுறி தயாரிக்கத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறது என்பதையும் படித்த நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

*

இரண்டாவது, குளிர். இதில் நம்மில் பலர் ஒருமுறை தேர்வுக்குத் தோற்றியவர்கள். பாடம் மட்டும் படிக்கவில்லை.

1999 முடிந்து 2000 பிறந்த குளிர்காலத்தில், ஏஜென்சிக்காரன் எங்களில் ஒன்பது பேரை உக்ரேனுக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையில் ஒரு காட்டுக்குள் விட்டுப் போனான். காலில் கன்வஸ் சப்பாத்து. என் பழைய மாணவன் ஒருவனுக்குக் கால்விரல்கள் மெழுகுபோல வெளுத்து மரத்துப்போயின. ஒரு பாழடைந்த வீட்டில் நெருப்பு மூட்டி, விரல்களைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினோம். உணர்வு திரும்பியபோது அவன் கத்திய கத்தல் நல்ல அறிகுறி என்று நினைத்தோம். அடுத்த இரவு திரும்பவும் பனிக்குள் நடந்தோம். மூன்று விரல்களை அவன் இழந்தான்.

வேல்ஸில் இதற்குரிய விதியைக் கேட்டபோது நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். மீண்டும் உறையக்கூடிய இடத்தில் உறைந்ததை உருக்காதே. ஒருமுறை உருகிய தசை திரும்ப உறைந்தால் சேதம் முன்னதிலும் பெரிது. உறைந்த காலோடு நடந்துகூடப் போகலாம், உருக்கிய காலோடு நடக்க முடியாது. தேய்க்கவும் கூடாது, தசைக்குள் பனிப்பளிங்குகள் கண்ணாடித்தூள்போல அறுக்கும். நெருப்பில் காட்டவும் கூடாது, உணர்வற்ற தோல் எரிவது தெரியாது. பாதுகாப்பான இடத்துக்குப் போன பின்பே, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்த வேண்டும். நாங்கள் அன்பினால் செய்த ஒவ்வொன்றும் பிழை.

உடல் முழுவதும் குளிர்வது இதைவிட ஆபத்து. உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது முதலில் கெடுவது புத்தி. கால் தடுமாறும், நாக்குக் குளறும், கையிலிருப்பது நழுவும், மனிதர் காரணமில்லாமல் சினப்பார். நடுக்கம் நின்றுவிட்டால் நன்மை என்று எண்ண வேண்டாம், அது மோசமானதன் அறிகுறி. ஒதுக்கிடம் இருந்தால் ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததால் மூடி, முக்கியமாக உடலுக்குக் கீழே எதையாவது விரிக்க வேண்டும். மேலே எத்தனை போர்த்தினாலும் நிலம் உறிஞ்சிவிடும். விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பான தேநீர் கொடுக்கலாம். மது கூடாது. குளிருக்கு ஒரு வாய் பிரண்டி என்பது நம் அண்ணன்மார் ஐரோப்பாவில் பரப்பிய மூடநம்பிக்கை. அது தோலின் நாளங்களை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றும்.

*

மூன்றாவது, நேரம். 18 மணித்தியால வகுப்புக்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான். பத்து நிமிடம் ஒருவரைக் காப்பது வேறு, ஓர் இரவு முழுவதும் காப்பது வேறு.

முதலில் ஒரு துண்டுக் கடதாசி. கால்மணிக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, மூச்சு, விழிப்பு நிலை, தோலின் நிறம், பார்த்த நேரம் என்பவற்றை எழுத வேண்டும். விழிப்பு நிலைக்கு எளிய படிகள்: தானாக விழித்திருக்கிறாரா, குரலுக்கு விழிக்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்கும் அசைவில்லையா. ஒரு தனி எண் எதையும் சொல்லாது. எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதே செய்தி. நாடி ஏறிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இரத்தம் போகிறது என்று சந்தேகிக்கலாம்.

பிறகு எந்தப் பாடநூலிலும் முதல் அத்தியாயத்தில் வராதவை. காயப்பட்டவருக்குச் சிறுநீர் வரும். பெண்ணாக இருந்தால் மறைப்புப் பிடிக்க யாராவது வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகும், புரட்ட வேண்டும். பயம் வரும், யாராவது ஒருவர் தலைமாட்டில் இருந்து பெயர் சொல்லிக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். இவற்றைப் படிப்பிக்கும்போது எனக்கு வன்னியின் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். இந்தப் பகுதியில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை.

கடைசியாக, இருப்பதா போவதா என்ற முடிவு. உதவிக்கு ஆள் அனுப்பினால் இருவராக அனுப்பு, வாயால் சொல்லி அனுப்பாமல் எழுதிக் கொடு: எந்த இடம், எத்தனை பேர், என்ன காயம், எத்தனை மணி. இந்நாட்டு மலைகளில் 999ஐ அழைத்துப் பொலிசைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தொலைபேசி எடுபடாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, திரும்ப ஆறு.

*

இதெல்லாம் மலையேறும் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு மூன்று பதில்கள் உள்ளன.

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் பலர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் பின்னர் மருத்துவமனைகளில். தீக்காயத்துக்குரிய முதல் விதி 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஊற்றுவது. காய்ந்த மலைச்சரிவில் தண்ணீருக்கு எங்கே போவது? முதலில் போய்ச் சேர்ந்து தூக்கியவர்கள் அயல் கிராமத்தவர்கள். ஹெலிகொப்ரர்கள் பிறகுதான் வந்தன. எங்கும் முதலில் வந்துசேர்பவர் பக்கத்தில் இருப்பவரே. அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பதில் 2009. ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 2009 பெப்ரவரியிலிருந்து மே 9 வரை, காயப்பட்டவர்களுக்கும் நோயாளருக்கும் வெளியே போக இருந்த ஒரே வழி செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல். அவ்வழியில் 13,000க்கும் மேற்பட்ட காயமடைந்தோர், நோயாளர், கூடச் சென்ற உறவினர் எடுத்துச் செல்லப்பட்டார்கள். எஞ்சியோர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மரங்களின் கீழ், கிளைகளில் தொங்கிய சேலைனோடு கிடந்தார்கள். வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்ற அரச வைத்தியர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய தாதியரும் தொண்டர்களும் செய்தவற்றை உலகம் ஓரளவு அறியும். யுத்தம் முடிந்ததும் அந்த வைத்தியர்களைத் தடுத்துவைத்தார்கள், ஓகஸ்டில்தான் பிணையில் விட்டார்கள். ஆனால் கப்பலும் வைத்தியரும் இல்லாத பதுங்குகுழிகளுக்குள் தங்கள் பிள்ளைகளின் காயங்களைக் கட்டியவர்கள் கற்றுக்கொண்டது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அமெரிக்கப் படையினரின் காயங்களிலிருந்து உலகத்துக்கு ஒரு பாடநூல் கிடைத்தது. எம்முடைய காயங்களிலிருந்து நினைவஞ்சலிகள் கிடைத்தன. நினைவஞ்சலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது போதாது என்கிறேன்.

மூன்றாவது பதில் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் அம்புலன்ஸ் சராசரியாக 18 நிமிடத்தில் வர வேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் இங்கிலாந்து முழுவதற்குமான சராசரி ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டியது. மேலே சொன்ன வரையறையைத் திரும்பப் பாருங்கள். அந்த மாதத்தில், மருத்துவமனையின் விளக்குகள் தெரியும் வீடுகளும்கூட வனாந்தரத்தில் இருந்தன. எந்தக் காடும் வளரவில்லை. தாதியருக்கும் அம்புலன்ஸ் ஊழியருக்கும் கட்டில்களுக்கும் வருடக்கணக்காகப் பணம் போதாமல் இருந்தது, அவ்வளவுதான்.

*

ஆகவே இந்த அறிவு சாதாரண மனிதர் கையில், அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். இதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாகப் பயிற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், ஊரில் தங்குவதில்லை என்று கண்டு, 1860களில் வகுப்புகளைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்' என்ற அறுவை மருத்துவ நூல் 1867இல் தமிழில் வந்தது. அவருக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அறிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிக்காரரோடுதான் தங்கும் என்பதை அவர் அந்நாளிலேயே விளங்கிக்கொண்டார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

நமது சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நடனத்துக்கும் கிரிக்கெற்றுக்கும் ஆண்டு விழா ஒத்திகைக்கும் ஒதுக்குகின்றன. வருடத்தில் இரண்டை இதற்கு ஒதுக்கலாம். இந்நாட்டில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வைத்தியர்கள், அவர்கள் படிப்பிக்கலாம். வன்னியிலிருந்து வந்தவர்கள் தாம் செய்ததைச் சொல்லலாம், வைத்தியர்கள் அதில் சரியையும் பிழையையும் பிரித்துச் சொல்லலாம். அது தமிழில் எழுதப்பட வேண்டும், ஊரில் யானைக் காட்டோரம் மீளக்குடியேறியிருக்கும் சனங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அரைகுறை அறிவு ஆபத்து என்று சிலர் மறுக்கலாம். உண்மை. அந்த ஆபத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த வாசகர்களுள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் அரைகுறைக்கு மருந்து அறியாமை அல்ல, மீதி அரையைப் படிப்பதுதான். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்.

தொடக்கமாக, நாங்கள் நாலைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கிங்ஸ்பரியின் ஃப்ரையன்ட் பூங்காவில் கூடிப் பழகுகிறோம். சாரமும் இரண்டு தடியும் கொண்டு தூக்குப்படுக்கை செய்கிறோம். நாய்களோடு நடக்க வருபவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். துணியைத் தொடையில் சுற்றித் தடியை முறுக்கும் பயிற்சி வரும்போது ஒவ்வொரு முறையும் என் கை ஒரு கணம் தயங்குகிறது.

அந்த முதியவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கவும் நியாயமில்லை. அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்: ஐயா, நீங்கள் கட்டப் போனது சரி. நான்தான் பிழை.